கொள்வதும் ஓர் அறம்: ஓரியைப் பாடிய மூன்று பாடல்கள்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது அது. சத்திரம் என்பது வழிப்போக்கன் உண்டு, உறங்கி, மறுநாள் தன் வழியே செல்வதற்கென எழுப்பப்பட்ட இடம். அவ்வூர்ப் பெயரில் சத்திரம் கட்டியவரின் பெயர் இல்லை. அங்கு உண்டவர்களின் பெயரும் இல்லை. கொடுத்தலும் கொள்ளலும் நிகழ்ந்த இடம் என்ற நினைவு மட்டுமே பெயராக எஞ்சியிருக்கிறது. உண்பதற்கு ஒருவரும் வாராதிருந்தால் எந்தச் சத்திரமும் வெறுங்கட்டடமே. இந்த எளிய உண்மையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இச்சமவெளிக்குக் கிழக்கே இருப்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. புறநானூற்றில் 152, 153 ஆகிய பாடல்களை வன்பரணரும், 204ஆம் பாடலைக் கழைதின் யானையாரும் அவனைக் குறித்துப் பாடியுள்ளனர். 1894இல் உ.வே. சாமிநாதையரின் பதிப்பால் புறநானூறு அச்சேறிய காலந்தொட்டு நம் மேடைகளும் பாடநூல்களும் ஓரியைக் கொடையின் உருவமாகவே காட்டி வந்திருக்கின்றன. அது பிழையன்று; எனினும் பாதி உண்மையே. இப்பாடல்களைப் பாடியவர்கள் கொடுத்தவர்கள் அல்லர். பெற்றவர்களும் பெற வந்தவர்களும் ஆவர். பெறுவோரின் பக்கம் நின்று இம்மூன்றையும் ஒருசேரப் படித்தால் வேறொரு பொருள் புலப்படுகிறது. கொடுக்கக் கற்ற சமுதாயம் கொள்ளவும் கற்றாலன்றி அதன் கொடை நிறைவு பெறாது என்பதே அப்பொருள்.

நாணிய வள்ளல்

152ஆம் பாடலின் நிகழ்ச்சி காட்டிடை நிகழ்கிறது. வேட்டுவன் ஒருவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஊடுருவிச் செல்கிறது. வழியில் வரும் பாணர் கூட்டம் அதைக் கண்டு வியக்கிறது. அவன் மார்பின் அணியையும் தோற்றத்தையும் பார்த்து, விற்பதற்காக வேட்டையாடுபவன் அல்லன் என்று உணர்கிறது. இவன் ஓரியோ, அல்லனோ என்று ஐயுறுகிறது. தெளிவு பிறக்கும் முன்னரே யாழும் முழவும் முதலாகிய கருவிகள் இசைக்கப்படுகின்றன, பாட்டுத் தொடங்குகிறது. பாடலின் முடிவில் அரசனைக் குறிக்கும் சொல்லால் அவனை விளிக்கிறார்கள். அது தன்னையே குறித்தலால் அவன் நாணுகிறான்.

இந்நாணம் ஊன்றி நோக்கத்தக்கது. ஐந்து விலங்குகளை ஓர் அம்பால் வீழ்த்தியவன் ஒரு புகழ்ச்சொல்லின் முன் நாணுகிறான். அடுத்து நிகழ்வது இன்னும் நுட்பமானது. தாங்கள் வேண்டுவதைப் பாணர் வாய்திறந்து சொல்லுவதற்கு அவன் இடந்தரவில்லை. அவர்கள் கேட்குமுன்னரே இறைச்சியும் பருகுவதற்கு உரியதும் அளித்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் கலந்து, கொள்ளுங்கள் என்று கொடுத்துவிடுகிறான். கேட்க நேர்வதே பெறுவோர்க்குப் பெருந்துன்பம் என்பதை உணர்ந்தவனின் செயல் அது. அவன் பொன்னை மட்டும் கொடுக்கவில்லை. இரத்தலின் இழிவிலிருந்தும் அவர்களைக் காத்தான்.

ஆயினும் இப்பாடலில் முதலில் கொடுத்தவர்கள் பாணர்களே என்பதை எத்தனை உரைகள் எடுத்துக் காட்டியுள்ளன? அவன் இன்னான் என்று உறுதியாக அறியுமுன்னரே அவர்கள் பாடினார்கள். பரிசில் பின்னரே வந்தது. ஓரி அப்பாடலை முழுதும் கேட்டான். புகழை நாணத்தோடு ஏற்றான். ஆக, அவனும் கொண்டான். நாணியபடியே கொள்ளும் இப்பண்புதான் அவன் கொடையைப் பெருமிதத்தின் கறையிலிருந்து காத்தது.

இவ்விடத்தில் அல்குர்ஆன் கூறும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. மத்யன் நகரின் நீர்த்துறையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் கால்நடைகளுக்கு மூஸா (அலை) அவர்கள் தண்ணீர் புகட்டினார்கள். கொடுத்து முடித்ததும் நிழலில் ஒதுங்கி, இறைவன் இறக்கும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவர் என்று இறைஞ்சினார்கள். சற்றுநேரத்தில் அப்பெண்களுள் ஒருவர் நாணத்தோடு நடந்துவந்து, செய்த உதவிக்குக் கைம்மாறு அளிக்கத் தம் தந்தை அழைப்பதாகக் கூறினார். மூஸா (அலை) அவர்கள் மறுக்கவில்லை, சென்றார்கள் (28:23-25). உதவியவர் அதே நாளில் உதவி கொள்பவராகவும் ஆனார். வல்லமை மிக்க ஓர் இறைத்தூதர் தம் தேவையை ஒளிக்கவில்லை. தம்மைத் தேடி வந்ததைத் தள்ளவுமில்லை. அழைக்க வந்த பெண்ணின் நாணமும், கொல்லிமலைத் தலைவனின் நாணமும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. எனினும் கொடுப்போர் நாணும்போது பெறுவோர் தலை நிமிர்கிறது என்னும் ஓர் உண்மையை இரண்டும் உணர்த்துகின்றன.

பாடலை மறந்த கூட்டம்

153ஆம் பாடல் மிகச் சிறியது. ஓரியின் மழைபோன்ற கொடையைக் காணக் கூத்தர் சுற்றம் சென்றது. நீரில் பூவாத குவளைகளையும், அதாவது மணிகளால் இயன்ற பூக்களையும், அணிகலன்களையும், யானைகளையும் பெற்றது. பசி தீர்ந்தது. பசியில்லாமற் போனதாலோ என்னவோ, அவர்கள் ஆடவும் மாட்டாராயினர். பாடலையும் மறந்தனர் என்று வன்பரணர் முடிக்கிறார்.

கொடையின் மிகுதியைச் சுட்டும் புகழுரையாகவே இது பொருள் கொள்ளப்படுகிறது. புலவரின் நோக்கம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் மறதி என்ற சொல் புகழுரைக்குள் இருந்துகொண்டே ஓர் எச்சரிக்கையையும் விடுக்கிறது. கலைஞன் பெற்ற பிறகு தன் கலையை மறந்தானாயின், அவன் பெற்றது வாழ்வா, முடிவா? தன்னிடமிருந்த ஒன்றைத் திருப்பித் தரும் ஆற்றலைப் பறித்துவிடும் கொடை, பெறுவோரை வெறுங்கையராக்கிவிடுகிறது. கொடுப்போரின் தாராளம் மட்டும் இதற்கு மருந்தாகாது. பெறுவோர் பெற்றபின் என்ன செய்கிறார் என்பதே இங்கு வினா.

இவ்வினாவுக்கு விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. குமணனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுவதாக அமைந்தது 163ஆம் பாடல். உறவினர்க்கும், தங்கள் பசிக்காலத்தில் கடன் தந்து உதவியோர்க்கும், இன்னார் என்று பாராது எல்லோர்க்கும் கொடு. என்னைக் கேட்க வேண்டாம். நாளைக்கென்று சேர்த்து வைக்கவும் வேண்டாம் என்கிறார் அவர். முந்திய நாள் வரை வறுமையில் வாடிய வீடு, பெற்ற மறுகணமே ஒரு சத்திரமாகிவிடுகிறது. பெறுதல் அங்கே முடிவு அன்று, ஒரு வழி. வன்பரணரும் தம் கூட்டம் பாட மறந்ததைப் பாடலாகவே பாடியிருக்கிறார் என்பதையும் மறத்தலாகாது. ஓரியின் பொன் இன்று எங்கும் இல்லை. அவன் பெற்ற அப்பாடலே எஞ்சியிருக்கிறது.

மறுத்தலா உயர்வு?

மூன்றாவதாகிய 204ஆம் பாடல் நம் வாதத்துக்கு எதிராக நிற்பதுபோல் தோன்றும். கழைதின் யானையார் அதில் ஒரு படிவரிசையை வகுக்கிறார். இரத்தல் இழிவு, அதற்கு மறுத்தல் அதனினும் இழிவு. கொள்க என்று கொடுத்தல் உயர்வு. கொள்ளேன் என்று கூறுதல் அதனினும் உயர்வு. இவ்வரிசையில் உச்சியில் நிற்பவர் கொடுப்பவர் அல்லர்; கொள்ள மறுப்பவரே. திருக்குறளின் ஈகை அதிகாரமும், நல்வழிக்கு உரியதென்று பிறர் சொன்னாலும் கொள்ளல் தீது என்றே கூறுகிறது. இரவச்சம் என்றொரு தனி அதிகாரத்தையும் வள்ளுவர் வகுத்திருக்கிறார். ஏற்பது இகழ்ச்சி என்ற எண்ணம் தமிழ் மனத்தில் ஆழ வேரூன்றியதற்கு இவை சான்று.

ஆனால் பாடல் அத்தோடு முடியவில்லை. நீர்வேட்கை கொண்டோர் தெளிந்த பெருங்கடலை நாடுவதில்லை; ஆவும் மாவும் இறங்கிக் கலக்கிய சிறு நீர்நிலையே ஆயினும் உண்ணத்தக்க நீர் உள்ள இடத்துக்கே பல வழிகள் செல்கின்றன என்று தொடர்கிறார் புலவர். பரிசில் கிட்டாதபோது இரவலர் புள்ளையும் பொழுதையும் பழிப்பர், உன்னைப் பழிப்பதில்லை என்று ஓரியிடம் கூறி முடிக்கிறார். கொள்ளேன் எனல் மிக உயர்வு என்று உச்சியில் வைத்தவர், தாமே கொள்ள வந்து நிற்கிறார். இது முரண் போலத் தோன்றினும் முரண் அன்று. வேட்கை உண்மையாயின் நீரை நாடுவது இழிவாகாது. கடல் தன்னளவில் பெரிது. ஆனால் எவருடைய தாகத்தையும் தீர்க்காது. கொள்ளாமையின் உயர்வு வேட்கை இல்லாதவனுக்கு உரியது. வேட்கையுடையவன் அதை அணிந்துகொண்டால் அது செருக்காகவே முடியும். இரப்பவர் இல்லையாயின் இவ்வுலகின் இயக்கம் மரப்பாவை வந்துபோவது போன்றதே என்று இரவு என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும் உரைத்திருத்தல் காண்க.

கொள்ளுதற்கும் ஒரு வரம்பு உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணாமலேயே பரிசில் அனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதை ஏற்கவில்லை (புறம் 208). காணாது தரும் பொருளைப் பெறுதற்குத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் இனிது என்றும் கூறினார். பொருளின் அளவு அங்கே பொருட்டன்று. பெறுபவர் ஒரு மனிதராகப் பார்க்கப்பட்டாரா என்பதே பொருட்டு.

கொடை மட்டுமே அறத்துக்குப் போதுமானதன்று என்பதற்கு ஓரியின் முடிவும் ஒரு சான்று. அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. காரியும் அதே எழுவருள் ஒருவன். ஓரியை வீழ்த்தி, கொல்லிமலையைச் சேரனுக்கு அவன் கொடுத்தான் என்பது அகநானூறு (209) தரும் செய்தி. அதுவும் ஒரு கொடைதான். ஆனால் மற்றொருவனிடமிருந்து பறித்த மலையின் கொடை அது. தம்மை நாடி வந்த எளியோர்க்கு வாரி வழங்கிய இருவர், ஒருவரோடொருவர் கொடுத்தும் கொண்டும் வாழும் உறவை அடையவில்லை. கீழ்நோக்கிக் கொடுத்தல் எளிது. நிகரானவனிடம் கொள்ளுதல் அரிது.

இரு நபித்தோழர்கள்

மேலுள்ள கை கீழுள்ள கையினும் சிறந்தது என்னும் நபிமொழி நம்மில் அறியாதார் இல்லை. மிம்பர்களில் அது கொடுக்கத் தூண்டுவதற்காகச் சொல்லப்படுகிறது, அது முறையே. ஆனால் அம்மொழி எழுந்த சூழலையும் நோக்க வேண்டும். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டார்கள்; நபி (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். மீண்டும் கேட்டார்கள்; மீண்டும் கொடுத்தார்கள். மூன்றாம் முறைக்குப் பின்னரே, இச்செல்வம் பசுமையும் இனிமையும் உடையது. பேராசையற்ற உள்ளத்தோடு பெறுவோர்க்கு அதில் பரக்கத் உண்டு. பேராசையோடு பெறுவோர் உண்டும் நிறையாதவர் போல்வர் என்று அறிவுறுத்தி, மேலுள்ள கையின் சிறப்பைக் கூறினார்கள். அறிவுரை முதலில் வரவில்லை. கொடை முதலில் வந்தது. அதன் பின் ஹகீம் (ரலி) அவர்கள் எவரிடமும் எதையும் பெறுவதில்லை என்று உறுதிபூண்டு, அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோர் காலத்தில் தமக்குரிய பங்கையும் ஏற்க மறுத்தார்கள். கழைதின் யானையாரின் படிவரிசையில் உச்சியில் நிற்பவர் இவர்.

இனி உமர் (ரலி) அவர்களின் செய்தியைக் காண்போம். நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு ஏதேனும் வழங்கும்போது, என்னினும் ஏழையான ஒருவருக்கு இதைக் கொடுங்கள் என்பார்கள் உமர். கேட்போர் உள்ளத்தைக் கவரும் மறுப்பு இது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. வாங்கிக்கொள்ளுமாறும், கேட்காமலும் ஆசைப்படாமலும் இச்செல்வத்திலிருந்து வருவதை ஏற்குமாறும், வராததன் பின்னால் மனத்தைச் செலுத்த வேண்டாமென்றும் பணித்தார்கள். இருவேறு மனிதர்களுக்கு இருவேறு பயிற்சிகள். கேட்டுப் பழகியவருக்குத் தன்னிறைவு கற்பிக்கப்பட்டது. மறுத்துப் பழகியவருக்குக் கொள்ளுதல் கற்பிக்கப்பட்டது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவது சுன்னத்தின் பாதியை விட்டுவிடுவதாகும். நபி (ஸல்) அவர்கள் தமக்கென ஸதகாவை ஏற்றதில்லை. ஆனால் அன்பளிப்பை ஏற்றார்கள், ஈடும் செய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா உலூமுத்தீனில் ஜகாத்தைப் பற்றிய பகுதி, கொடுப்போரின் ஒழுக்கங்களோடு நின்றுவிடவில்லை. பெறுவோரின் ஒழுக்கங்களையும் தனியே விளக்குகிறது. இறைவனுக்குரிய கடமையைத் தன்னிடமிருந்து ஏற்றுத் தன்னைத் தூய்மையாக்குவதன் மூலம் ஏழையே தனக்கு உபகாரம் செய்கிறான் என்று கொடுப்பவன் கருத வேண்டும் என்கிறார்கள் இமாம். முன்னோருள் சிலர் பொருளைத் தம் உள்ளங்கையில் வைத்து நீட்டி, ஏழை அதை எடுத்துக்கொள்ளச் செய்வார்கள். ஏழையின் கை மேலே இருக்கட்டும் என்பதே அவர்கள் நோக்கம் என்றும் குறிப்பிடுகிறார்கள். மேலுள்ள கை சிறந்தது என்பதை நன்கறிந்தவர்கள், அந்த மேன்மையையும் கொடுத்துவிட விரும்பினார்கள். பாணர் வாய்திறக்குமுன் பொன் நீட்டிய ஓரியை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

நம்முடைய நிலை

தமிழ் முஸ்லிம்களாகிய நாமும் கொடுப்போரையே அதிகம் கொண்டாடியிருக்கிறோம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி செத்தும் கொடுத்தவர் என்பது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. சீறாப்புராணம் அவர் ஊக்கத்தால் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் தொடர்ந்தது என்பது வழிவழி வரும் செய்தி. உமறுப்புலவர் அபுல்காசிமை நூலுள் பல இடங்களில் நன்றியோடு பாடியிருக்கிறார். வள்ளல்களின் பெயரால் மன்றங்களும் விழாக்களும் நமக்குண்டு. ஆனால் உமறு எவ்வாறு பெற்றார் என்பதை நாம் ஆராய்ந்ததில்லை. பொருளை வள்ளல்களிடமும், வரலாற்றுச் செய்திகளை ஆலிம்களிடமும், காப்பிய வடிவைத் தமிழ்ப் புலமை மரபிடமும் அவர் பெற்றார். எதையும் பெறத் தயங்கவில்லை. பெற்றதால் குறையவும் இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாக அவர் திருப்பித் தந்தார். பாட மறந்த கூத்தர் கூட்டத்துக்கு மறுமொழி அது.

பெற்றவர் மற்றவர்க்கு வழிகாட்டும் இலக்கியத்துக்கு ஆற்றுப்படை என்று பெயர். அவ்வகையில் நாகூர் குலாம் காதிறு நாவலர், 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நோக்கிப் புலவர்களை வழிப்படுத்திப் புலவராற்றுப்படை இயற்றினார். மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பரக்கத் வேண்டிப் பிரார்த்தித்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி காட்டுமாறு கேட்டார்கள். இதை மறுப்பாகவே நாம் சொல்லி வருகிறோம். ஆனால் அவர்கள் தங்குமிடத்தையும் வழிகாட்டுதலையும் ஏற்றார்கள். தம் கையின் திறமையை மழுங்கச் செய்யாததைத் தேர்ந்து கொண்டார்கள். கொள்ளுதலிலும் தேர்ச்சி உண்டு என்பதற்கு இது சான்று.

இன்று நம் ஊர்களில் நடப்பது என்ன? ரமளானில் ஜகாத் பெற வரிசையில் நிற்பவர்களின் முகங்கள் படமெடுக்கப்படுகின்றன. வலியுறுத்திக் கேட்காதவர்களை, அவர்களின் தன்மானத்தால் செல்வர் என்றே அறியாதவர் எண்ணிவிடுவர் என அல்குர்ஆன் (2:273) சுட்டும் மனிதர்கள் அவ்வரிசைக்கு வருவதேயில்லை. சொல்லிக்காட்டுதலும் புண்படுத்துதலும் தர்மத்தைப் பாழாக்கும் என்ற எச்சரிக்கையை (2:264) நாம் சொற்களுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். படங்களும் பதாகைகளும் அதில் அடங்கா என்று எண்ணுகிறோம் போலும். மறுபுறம், வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகிய முதியவர் நோயில் விழும்போது பிள்ளைகள் தரும் ஒரு குவளை நீரையும் கடனாகக் கருதிக் கலங்குகிறார். தமக்கு எதுவும் வேண்டாம் என்ற சொல்லால் பிள்ளைகளின் நன்மை புரியும் வாய்ப்பை அடைத்துவிடுகிறார். கொடுக்கும் இடத்தில் மட்டுமே தம்மைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த இடம் அந்நியமாயிருக்கிறது. அவருக்கு உமர் (ரலி) அவர்கள் கற்ற பாடத்தை எடுத்துரைப்பார் இல்லை.

நம் பாடத்திட்டங்களிலும் ஜும்ஆ உரைகளிலும் ஜகாத்தின் நிஸாபு, பங்கீடு ஆகியன விளக்கப்படுகின்றன. பெறுவோரின் அதபுகளும், பெறுவோரிடம் கொடுப்போர் கொள்ள வேண்டிய நாணமும் அதே அளவு விளக்கப்பட வேண்டும். உதவி பெற்றுப் படித்த இளைஞன் தன் கலையை மறவாதிருக்கவும், தன் பின்னால் வருவோர்க்கு ஆற்றுப்படுத்தவும் கற்பிக்கப்பட வேண்டும். மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கு நன்றி செலுத்தியவர் ஆகார் என்னும் நபிமொழி பெறுவோர்க்கு இழிவைச் சுமத்துவதன்று. திருப்பித் தரும் தகுதியை அவர்க்கு வழங்குவது.

இறைவன் ஒருவனே தேவையற்றவன். மனிதர் அனைவரும் அவனிடம் தேவையுடையோர் (35:15). இவ்வசனத்தை ஓதும் நாம், நம்முள் சிலர் கொடுப்பதற்காகவே படைக்கப்பட்டோர் என்று எண்ணுவதற்கு இடமில்லை. நெடுவழியில் நடந்து களைத்த எவரும், நேற்றுவரை பிறர்க்கு அன்னமிட்டவரே ஆயினும், ஒரு நாள் சத்திரத்துத் திண்ணையில் அமர்ந்து இலைக்காகக் காத்திருக்க நேரும். அன்று தலைகுனியாமல் உண்ணவும், உண்டபின் அடுத்து வருபவர்க்கு இடம்விட்டு வழிசொல்லவும் அறிந்திருத்தல் கொடுத்தலுக்கு எவ்வகையிலும் தாழ்ந்த அறமன்று.